மனச்சோர்வில் இருப்பவருக்கு மரத்தடியும் நாயும்: எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது

"வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிட்டு வா", "ஒரு நாய் வளர்த்தால் எல்லாம் சரியாயிடும்" என்று மனச்சோர்வில் இருப்பவரிடம் சொல்பவர்கள் நிறைய. இரண்டுமே கெட்ட யோசனை இல்லை. ஆனால் எழுந்து வெளியே போக முடியாமல் கிடப்பதுதான் நோயே என்பதையும், நாய்க்கு வேளாவேளைக்குத் தீனி வைக்கவும் வெளியே கூட்டிப்போகவும் ஒருவர் வேண்டும் என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பெரும்பாலும் கோளாறு வரிசையில்தான். கடைசியில் செய்ய வேண்டிய காரியமான நாயை முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டிய மருத்துவரைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இங்கே சொல்லப்படும் வரிசை இது: மருத்துவர், வாசல், மரத்தடி, அடுத்தவர் வீட்டு நாய், பிறகு வேண்டுமானால் சொந்த நாய். எந்தப் படியிலும் நின்றுகொள்ளலாம். மரத்தடியோடு நிறுத்திக்கொண்டு நன்றாக இருப்பவர்களும் உண்டு.

1. முதலில் மருத்துவர்

இரண்டு வாரமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே கிடக்கிறது. அல்லது முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போய்விட்டது. இந்த இரண்டில் ஒன்றாவது இருந்து, கூடவே தூக்கமும் பசியும் மாறுவது, காரணமில்லாத அசதி, கவனம் நிற்காமை, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, பேச்சும் நடையும் மந்தமாவது, சாவைப் பற்றிய நினைப்பு போன்றவற்றில் சிலவும் சேர்ந்திருந்தால் அது சாதாரண வருத்தம் இல்லை. பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளை மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வருகிறதென்றால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு மட்டும் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதில்லை, அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை மனச்சோர்வு போலவே வேஷம் போடும். இவை இருந்தால் எவ்வளவு நடந்தாலும் அசதி போகாது. "எனக்கு எதுவும் பலிக்கவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

மாத்திரை எழுதிக்கொடுத்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் சில வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நான்கு நாள் நடந்து மனம் கொஞ்சம் தெளிந்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது இந்த வழியில் நடக்கும் விபத்துகளிலேயே மோசமானது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு என்று உடம்பு தனியாக ஒரு கணக்குத் தீர்க்கும், நோயும் திரும்பலாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு, உங்கள் ஊரின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் போய் உட்காருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குத் தனியாக நடக்கப் போவது அந்த நேரத்துக்கான வழி இல்லை. இயற்கை, நாய் இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2. வாசல்

"மனசு வரட்டும், அப்புறம் போகிறேன்" என்று காத்திருந்தால் மனச்சோர்வில் அந்த மனசு வராது. வெளியே போகாததால் நல்லதாக எதுவும் நடக்காது. நடக்காததால் மனம் இன்னும் சுருங்கும். சுருங்கியதால் இன்னும் போக மாட்டீர்கள். இந்தச் சுழலை நடுவில் வெட்டுவதற்கு உளவியலில் 'செயல் தூண்டல்' என்று ஒரு சிகிச்சை இருக்கிறது. மனநிலையைப் பார்த்துச் செயலைத் தீர்மானிக்காமல், முன்பே எழுதிவைத்த நேரப்படி சின்னச் சின்னக் காரியங்களைச் செய்வதுதான் அதன் சாரம். 2016ல் வெளிவந்த, இங்கிலாந்தில் மனச்சோர்வுள்ள 440 பேரை வைத்து நடத்திய ஆய்வில், அதிக அனுபவம் இல்லாத பணியாளர்கள் கொடுத்த இந்தச் சிகிச்சை, தேர்ந்த உளவியலாளர்கள் கொடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) பின்தங்கவில்லை. மரம், நாய் என்று இதற்குமேல் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கொள்கையின் மேல்தான் நிற்கிறது.

முதல் வாரம் நடக்கவே வேண்டாம். வாசலுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில், 5 நிமிடம் நில்லுங்கள். தினமும் ஒரே நேரம். இரண்டாம் வாரம் ஒரு கம்பமோ தெருமுனையோ ஒன்றைக் குறித்துக்கொண்டு அதுவரை போய்த் திரும்புங்கள், மொத்தம் 10 நிமிடம். அதற்குப் பிறகு வாரத்துக்கு 5 நிமிடத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். இந்த வேகம் பார்ப்பவருக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் விழுவது எப்போதும் நல்ல நாளில்தான்: உற்சாகத்தில் ஒரு மணி நேரம் நடப்பார், அடுத்த மூன்று நாள் படுக்கை, நான்காம் நாள் "என்னால் முடியாது". நல்ல நாளிலும் குறித்த அளவோடு திரும்பிவிடுங்கள்.

குளிக்காமல் போகலாம். தலை வாராமல் போகலாம். இதை ஏன் சொல்கிறோம் என்றால், வெளியே போவதற்கு முன் குளிக்க வேண்டும், அதற்கு முன் துணி எடுக்க வேண்டும் என்று தடைகள் சங்கிலியாக நீளும்போது அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். முந்தின இரவே செருப்பு, சாவி, தண்ணீர் பாட்டில் மூன்றையும் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். எப்படியும் செய்துவிடுகிற ஒரு காரியத்தோடு இதை முடிச்சுப் போடுங்கள்: பல் துலக்கியதும், அல்லது மாத்திரை போட்டதும். காலை நேரம்தான் பலருக்கு மிக மோசமாக இருக்கும். அப்படியென்றால் காலையில் வெளிச்சத்தில் நிற்பது மட்டும், நடை மாலையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சத்தை முழுக்க விட்டுவிட வேண்டாம். வீட்டுக்குள் விளக்கொளி பெரும்பாலும் 100 முதல் 500 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). மேகமூட்டமான பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். உடலின் தூக்கக் கடிகாரத்தை நேர்படுத்துவது இந்த வித்தியாசம்தான்.

ஒரு நோட்டு வேண்டும். தேதி, என்ன செய்தேன், போகும் முன் மனம் எவ்வளவு, வந்த பின் எவ்வளவு (0 முதல் 10). வேறெதுவும் எழுத வேண்டாம், உணர்வுகளை விவரிக்கத் தொடங்கினால் அதுவே புலம்பலாகிவிடும். மனச்சோர்வு நினைவையும் கறுப்படிக்கும். "ஒரு நாளும் நன்றாக இல்லை" என்று உண்மையாகவே தோன்றும். நோட்டில் பார்த்தால் பதினான்கு நாளில் ஆறு நாள் 3 என்பது 4 ஆகியிருக்கும். ஒரு புள்ளி ஏறினாலே கணக்கில் சேர்த்தி. தொடர்ந்து இறங்கினால் நேரத்தையோ இடத்தையோ மாற்றுங்கள், முயற்சியைக் கைவிட வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: "போயிட்டு வா" என்று அனுப்புவதைவிட "நான் செருப்புப் போட்டுட்டேன், தெருமுனை வரைக்கும் வா" என்பது வேலை செய்யும். நடக்கும்போது அறிவுரை வேண்டாம். பேச்சே இல்லாமல் நடந்தாலும் நல்லதுதான்.

3. மரத்தடி

காடு, மலை, அருவி எதுவும் தேவையில்லை. 1984ல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். படுத்துக்கொண்டு பார்த்த மரமே அவ்வளவு செய்தது என்றால், எழுந்து போய்ப் பார்க்கும் மரத்தை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. 2015ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆரோக்கியமானவர்களில் சிலரைப் புல்லும் மரமும் உள்ள இடத்திலும் சிலரைப் போக்குவரத்து நிறைந்த சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்கவைத்தார்கள். மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம், ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் அரைத்துக்கொண்டிருப்பது குறைந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் தணிந்தது. மனச்சோர்வில் ஆளைத் தின்பது பெரும்பாலும் இந்த அரைப்புத்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க: வீட்டிலிருந்து 10 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கெட்ட நாளில் போக மாட்டீர்கள். உட்கார ஒரு திண்டோ கல்லோ பெஞ்சோ வேண்டும். ஒரு பெரிய மரமாவது, அல்லது நீர்நிலையாவது, அல்லது தடையில்லாத வானமாவது கண்ணில் பட வேண்டும். ஹாரன் சத்தம் அடங்கியிருக்க வேண்டும். ஆட்கள் ஒன்றிரண்டு பேர் வந்துபோகும் இடமாக இருப்பது நல்லது. கூட்டம் வேண்டாம், வெறிச்சோடலும் வேண்டாம். ஒரு இடம் கிடைத்துவிட்டால் குறைந்தது ஒரு மாதம் அதே இடத்துக்குப் போங்கள். தினம் ஒரு புது இடம் தேடினால் ஒவ்வொரு நாளும் ஒரு முடிவெடுக்க வேண்டிவரும். மனச்சோர்வில் முடிவெடுப்பது மூட்டை தூக்குவதற்குச் சமம்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பூ பூத்திருக்கும், குருவி கத்தும், உள்ளே ஒன்றும் அசையாது. "இதைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லையே" என்று இன்னும் ஒருபடி கீழே போவார்கள். மகிழ்ச்சி உணர்வே மரத்துப்போவது இந்த நோயின் அடையாளம். அது உங்கள் குறை இல்லை. ஆகவே மரத்தடியில் ரசிக்க முயலாதீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுங்கள். இருபது நிமிடத்துக்கு இப்படி ஒரு வேலைத் திட்டம் போதும்:

முதல் 5 நிமிடம், போனைச் சத்தமில்லாமல் பையில் போட்டுவிட்டு மெதுவாக நடக்கலாம். (போனை வீட்டில் விட்டுவிடச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை, அவசரத்துக்குக் கையில் இருக்கட்டும்.) அடுத்த 10 நிமிடம் உட்கார்ந்து எண்ணுங்கள். எத்தனை விதப் பச்சை தெரிகிறது? எத்தனை தனித்தனிச் சத்தங்கள்? ஒரே மரத்தில் துளிர், முற்றிய இலை, பழுத்த இலை மூன்றும் எங்கெங்கே இருக்கின்றன? பட்டையைத் தொட்டுப் பாருங்கள், வெயில் பட்ட பக்கமும் நிழல் பக்கமும் சூட்டில் வேறுபடும். கண்ணைத் தொலைவுக்கும் பக்கத்துக்குமாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கடைசி 5 நிமிடம் திரும்பி நடக்க.

நடுவில் பழைய கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டாயம் வரும். விரட்டச் சண்டை போட்டால் அது வளரும். "அரைக்க ஆரம்பித்துவிட்டேன்" என்று மனதுக்குள் பெயர் சொல்லிவிட்டு எழுந்து நடங்கள். உட்கார்ந்திருக்கும்போதுதான் அரைப்பு வேகம் பிடிக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் அதிலேயே இருப்பது தெரிந்தால் அன்றைய உட்காரும் பகுதியை விட்டுவிட்டு முழுக்க நடையாக்கிவிடுங்கள்.

எவ்வளவு போதும்? இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமோ அதற்கு மேலோ இயற்கையான இடத்தில் செலவழித்தவர்கள், போகவே போகாதவர்களைவிட நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாகச் சொன்னது கூடுதலாக இருந்தது. ஒரே நாளில் இரண்டு மணி நேரமா, ஆறு நாளில் இருபது இருபது நிமிடமா என்பதில் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகத்துக்கு அந்த ஆய்வில் முழு விடை இல்லை. ஆனாலும் குறிவைக்க ஒரு எண் வேண்டுமென்றால் 120 நல்ல எண். மனச்சோர்வுக்கு அதைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பதே மேல்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. லித்தியம் (மனநிலையைச் சீராக்கும் ஒரு மருந்து) எடுப்பவர்கள் வெயிலில் வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி நஞ்சாகலாம். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனை. மனச்சோர்வு மருந்துகள் சில வியர்வையைக் கூட்டும் அல்லது குறைக்கும், வெப்பத்தைத் தாங்கும் திறனைக் கெடுக்கும். சில மருந்துகளில் உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், மெதுவாக எழுங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்துவிட்டால் இதில் பாதி தீர்ந்தது.

மழை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே எண்ணும் வேலை. ஒரு தொட்டிச் செடி இருந்தால் நீர் ஊற்றுவது. அதோடு அன்றைய கணக்கு முடிந்தது.

4. அடுத்தவர் வீட்டு நாய்

நாய் மனச்சோர்வைக் குணமாக்கும் என்று சொல்லிவிட முடியாது. நாய் வளர்ப்பவர்களிடம் மனச்சோர்வு குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன, வித்தியாசமே இல்லை என்பவையும் இருக்கின்றன. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று 2015ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையில் சுரப்பதும் அதே ஹார்மோன்தான். அது நல்ல செய்தி. எங்கள் கணிப்பில் பெரிய பலன் வேறு: நாய்க்கு உங்கள் மனநிலை ஒரு பொருட்டில்லை. ஆறு மணி என்றால் ஆறு மணிக்குக் கதவைப் பார்த்து நிற்கும். "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்காது, பதில் தயாரிக்க வேண்டியதில்லை. இரண்டாம் படியில் நீங்களே உங்களைத் தள்ளிக்கொண்டு செய்ததை இப்போது வெளியிலிருந்து ஒரு உயிர் இழுத்துக்கொண்டு செய்கிறது.

இதற்குச் சொந்த நாய் வேண்டியதில்லை. வயதாகிவிட்டதாலோ வேலையாலோ நாயை நடத்திப்போக முடியாமல் திணறும் ஒருவர் அக்கம்பக்கத்திலோ உறவிலோ இருப்பார். விலங்குக் காப்பகங்களில் நடை கூட்டிப்போகத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டியவை: தடுப்பூசி போட்டாயிற்றா, யாரையாவது கடித்திருக்கிறதா, கயிற்றை இழுக்குமா, எதைக் கண்டால் பயப்படும், மற்ற நாய்களிடம் எப்படி. வளர்ந்த, நிதானமான, நடுத்தர உடல்வாகுள்ள நாயாகப் பாருங்கள். சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கும் ஒருவரை 30 கிலோ நாய் எளிதாகத் தரையில் இழுத்துவிடும்.

முதல் சந்திப்பில் நாயின் மேல் குனியாதீர்கள், முகத்துக்கு நேரே கை நீட்டாதீர்கள், உற்றுப் பார்க்காதீர்கள். சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், அதுவே வந்து மோப்பம் பிடிக்கட்டும். பிறகு மார்பிலோ தோள்பக்கமோ நான்கைந்து வினாடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மூக்கால் இடித்தாலோ சாய்ந்தாலோ தொடரலாம். தலையைத் திருப்புகிறது, உதட்டை நக்குகிறது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுகிறது, கண்ணின் வெள்ளை தெரிகிறது, உடம்பு விறைக்கிறது என்றால் போதும் என்று அர்த்தம். வால் ஆடினாலே சிநேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரத் தூக்கி விறைப்பாக வேகமாக ஆடும் வால் பதற்றத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

துக்கத்தில் இருப்பவருக்கு நாயைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் முதலில் தோன்றும். பல நாய்களுக்கு அது அகப்பட்டுக்கொண்ட உணர்வு. முகத்தில் கடிபடுவது பெரும்பாலும் இப்படிக் குனிந்து அணைக்கும்போதுதான். தரையில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விடுங்கள். பழகியபின் அதுவே சாயும். கடித்துவிட்டால், சிறு கீறலானாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனை போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

நடைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு போதும். இழுத்தால் நீண்டுகொண்டே போகும் வகை புதியவர்களுக்கு வேண்டாம், பிரேக் பிடிக்கத் தடுமாறுவீர்கள். கயிற்றை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள், நாய் பாய்ந்தால் விரல் முறியும். இழுக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை மேல். பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். புறங்கையைத் தரையில் 7 வினாடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துவிடும். தண்ணீர், கழிவு அள்ளும் பை.

மற்றபடி வேகமாக நடத்திச்செல்லும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாய்க்கு நடை என்பது மோப்பம். ஒரு புதருக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். சோர்ந்திருக்கும் மனிதருக்கு இந்த வேகம் மிகப் பொருத்தம். அது மூக்கை வைக்கும் இடத்தில் நீங்கள் கண்ணை வையுங்கள். மரத்தடியில் செய்த எண்ணும் வேலைக்கு இப்போது ஒரு கூட்டாளி.

வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே நேரம், 20 நிமிடம் என்று தொடங்குங்கள். நாயின் சொந்தக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "முடியாத நாள் வரும், முந்தின ராத்திரியே சொல்லிடறேன்." இந்த ஒரு வாக்கியம், வர முடியாமல் போன குற்ற உணர்ச்சியில் முழுக்க நின்றுவிடுவதைத் தடுக்கும். நோட்டு தொடரட்டும். எட்டு வாரம் கழித்து நாய் வந்த நாட்களையும் வராத நாட்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. சொந்த நாய் வேண்டுமா?

முதலில் ஒரு கேள்வி: கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு மிக மோசமாக இருந்த வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் ஒரு நாயைத் தினமும் மூன்று நான்கு முறை வெளியே கூட்டிப்போயிருப்பது யார்? "நானே" என்றால் நல்லது. இல்லையென்றால் ஒருவர் பெயர் வேண்டும், அவரிடம் கேட்டு அவர் வாயால் "சரி" வாங்கியிருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் நான்காம் படியிலேயே இருங்கள். வாடகை வீட்டில் அனுமதி, தீனி, தடுப்பூசி, குடற்புழு மருந்து, எதிர்பாராத சிகிச்சைச் செலவு ஆகியவை அடுத்த கேள்விகள். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும்.

முடிவெடுக்கும் நேரமும் முக்கியம். அடிமட்டத்தில் கிடக்கும்போது எடுக்காதீர்கள். இருதுருவ மனநோய் (மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருவது) உள்ளவர்கள், தூக்கமே தேவைப்படாமல் திட்டங்கள் பொங்கும் வாரத்திலும் எடுக்காதீர்கள். ஆசை வந்த நாளிலிருந்து 30 நாள் காத்திருங்கள்.

நாய்க்குட்டி வேண்டாம். இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, இரவில் எழுப்பும், கையில் கிடைத்ததைக் கடிக்கும். மனச்சோர்வை மீண்டும் கிளப்பிவிட உடைந்த தூக்கம் ஒன்றே போதும். நலமாக இருப்பவர்களே குட்டி வந்த முதல் வாரங்களில் அழுதுவிடுவதுண்டு. மூன்று வயதைத் தாண்டிய, குணம் தெரிந்த நாயைக் கேளுங்கள். காப்பகம் அனுமதித்தால் இரண்டு முதல் நான்கு வாரம் தற்காலிகப் பராமரிப்புக்கு எடுத்துப் பாருங்கள். மிகவும் பயந்துபோன, அடிபட்ட நாயைப் பார்த்தால் "இரண்டு பேருமே காயப்பட்டவர்கள், சேர்ந்து தேறிவிடலாம்" என்று மனம் இளகும். நல்ல மனசுதான், ஆனால் அந்த நாய்க்கு மாதக்கணக்கில் பொறுமையும் அனுபவமும் உள்ள கை வேண்டும்.

வீட்டுக்கு வந்த நாய்க்குப் பயம் தெளிய சுமார் 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று ஆக 3 மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் நாட்களில் மூலையில் ஒண்டும், சாப்பிடாது, உங்களை ஏறெடுத்தும் பார்க்காது. "நாய்க்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை" என்று மனச்சோர்வு உடனே தீர்ப்பு எழுதிவிடும். மூலையில் ஒரு விரிப்பும் தண்ணீரும் வைத்துவிட்டு, அதே அறையில் உங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருங்கள்.

6. நாயோடு இருக்கும் கெட்ட நாட்கள்

கெட்ட நாளுக்கான திட்டத்தை நல்ல நாளில் செய்துவைக்க வேண்டும். மூன்று நாள் தீனியை வேளைக்கு ஒன்றாக டப்பாக்களில் அளந்து வையுங்கள். எழவே முடியாத நாளில் குறைந்தபட்சம் இவ்வளவு: கழிவுக்கு நான்கு முறை ஐந்தைந்து நிமிடம் வெளியே, இரண்டு வேளைத் தீனி, சுத்தமான தண்ணீர், ஒரு வேளைத் தீனியைப் பழைய துண்டில் சுருட்டி மறைத்து மோப்பம் பிடித்துத் தின்ன விடுவது. ஓரிரு நாள் நடை இல்லாததால் நாய் கெட்டுப்போகாது. ஒரு வாரம் இப்படியே போனால் குரைப்பு, கடித்துக் குதறுவது என்று அதன் வழியில் சொல்லும். அதற்குள் பெயர் எழுதிவைத்தவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

மாத்திரைகள் நாய்க்கு எட்டாத பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகள், பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எல்லாம் நாயைக் கொல்லக்கூடியவை. தலைமாட்டில் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு தூங்கும் பழக்கம் உள்ளவர்கள்தான் இதைப் படிக்கிறீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறோம். தின்றுவிட்டால் அட்டையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், வாந்தி எடுக்கவைக்க நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாத இனிப்புகள் ஆகியவையும் ஆகாது.

நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பவரின் நாய் தனியாக இருக்கக் கற்றுக்கொள்வதே இல்லை. பிறகு நீங்கள் மருத்துவரைப் பார்க்கக்கூடப் போக முடியாமல் ஊளையிடும். வந்த முதல் வாரத்திலிருந்தே ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்ப் பழக்குங்கள். போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் வேண்டாம்.

உங்கள் அழுத்தம் நாயையும் தொடும். வளர்ப்பவர், நாய் இருவரின் முடியிலும் உள்ள கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு நீண்டகாலத்தில் சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று 2019ல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். இதைப் படித்துவிட்டு நாய்க்காக அழுகையை அடக்க வேண்டாம். கத்தவும் கை ஓங்கவும் தோன்றும் அளவுக்கு எரிச்சல் வந்தால் மட்டும் அடுத்த அறைக்குப் போங்கள். அது அடிக்கடி நடந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி அது.

"நாய்க்காகத்தான் உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பிடிமானம் உண்மையானது, அதை யாரும் கேலி செய்யக் கூடாது. ஆனால் உங்கள் பாதுகாப்புத் திட்டத்தில் (உயிரை விடும் எண்ணம் வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று முன்பே எழுதிவைக்கும் தாள்) நாய் ஒரு வரியாக மட்டும் இருக்கட்டும். பக்கத்திலேயே இரண்டு மனிதர்களின் பெயர், மருத்துவரின் எண், உதவி எண் ஆகியவை வேண்டும். நாய்க்கும் நோய் வரும், வயதாகும். அதன் கடைசி நாட்கள் நெருங்குவது தெரிந்தால் அப்போதே உங்கள் மருத்துவரிடம் சொல்லி, அடுத்த சந்திப்புகளை நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு தாள் எழுத வேண்டும். நீங்கள் திடீரென மருத்துவமனையில் சேர வேண்டிவந்தால் நாயை யார் எடுத்துக்கொள்வது, என்ன தீனி, எத்தனை வேளை, எந்த மருந்து, எதற்குப் பயப்படும், கால்நடை மருத்துவர் யார், தடுப்பூசிச் சீட்டு எங்கே. இந்தத் தாள் இல்லாததால், "நாயை யார் பார்ப்பார்கள்" என்று சொல்லி சிகிச்சைக்குச் சேராமல் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிரதியைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், இன்னொன்றை நாயை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தவரிடம் வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.